ரபி எல்யாக்கிம் ‘ஆகும்’ என்று சொன்ன கோழி

ஹென்யா வரைந்த படங்களில் இருந்த ஆட்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சுமை தூக்குகிறவன் மூட்டையைச் சுவரோரம் சாய்த்துவைப்பான், துணி துவைக்கிறவள் வாளியைக் கவிழ்ப்பாள். கழுதைக்கும் அன்றைக்கு ஓய்வுதான், ஆனால் எங்கே போவதென்று அதற்குத் தெரியாததால் படத்திலேயே நிற்கும். மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு எல்லாரும் முணுமுணுவென்று பாடிக்கொண்டே திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றுகொள்வார்கள். சில வாரம் இடம் மாறி நிற்பதும் உண்டு. எருசலேமில் ஸஸ்மான் வளவில் குடியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. அந்த வருஷங்களில் மண்ணெண்ணெய் விலைதான் அவர்களுக்கு அதிசயம். வயிற்றெரிச்சலெல்லாம் ஹென்யாவுக்குத்தான். இருபது வயதிலேயே கடவுளோடு கணக்கை முடித்துக்கொண்டவள், தீயே மூட்டக்கூடாத யூத ஓய்வுநாளில் அடுப்பு மூட்டிக் காப்பி போடுகிறவள், சிகரெட் பிடிக்கிறவள். “என் படத்துக்கு இருக்கிற பக்தியில அரைக்கால் வீசம் எனக்கு இருந்திருந்தா எங்கம்மா நிம்மதியா கண்ணை மூடியிருப்பா” என்று யார் கேட்டாலும் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

எல்லாம் ஒரு கோழியில் ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. துருக்கியர்கள் போய் ஆங்கிலேயர்கள் வந்திருந்தார்கள், ரொட்டி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அப்பா சண்டைக் காலத்து டைபாய்டில் போய்விட்டார். அம்மா பெய்லா, கல்யாண வீடுகளுக்கு இறகு மெத்தை தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். தம்பி கல்மன் காய்ச்சலில் கிழிந்த துணியாகக் கிடந்தான். கோழிச் சாறு கொடுத்தால் எழுந்துவிடுவான் என்று வைத்தியர் சொன்னார். பெய்லாவுக்கு அது, வைரத்தைப் பஸ்பமாக்கிக் கொடு என்று சொன்னது போலத்தான் கேட்டது. அந்தச் சமயம் பார்த்துக் கோழி அறுப்பவர் வீட்டில் கல்யாணம் வந்தது. மெத்தை தைத்த கூலிக்கு அவர் காசு கொடுக்கவில்லை, முறைப்படி அறுத்த ஒரு கோழியைக் கொடுத்தார். பெய்லா இறகு பிடுங்கி வயிற்றைக் கீறிப் பார்த்தால் இரைப்பையில் ஒரு ஆணி. ஆணி இரைப்பையைத் துளைத்து வெளியே வந்திருந்தால் அந்தக் கோழி யூதச் சட்டப்படி சாப்பிட ஆகாது, உள்ளேயே நின்றிருந்தால் ஆகும். அதைச் சொல்லவேண்டியது யூதர்களின் குருவான ரபி. பெய்லா கோழியைக் குண்டானில் வைத்து, துணி போட்டு மூடி, மகள் கையில் கொடுத்தாள். “நேரா போ, நேரா வா. வழியில எவளாவது பாண்டி ஆடக் கூப்பிட்டா செவிடு மாதிரி போயிடு, தெரியுதா?”

பாண்டி ஆட யாரும் கூப்பிடவில்லை. ஹென்யாவாகவே போய்ச் சேர்ந்துகொண்டாள். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைத்த குண்டானைத் திரும்பி வந்து எடுத்தபோது துணி மட்டும் இருந்தது. எருசலேம் பூனைகளுக்கு ஆகும் ஆகாது என்ற சந்தேகமெல்லாம் கிடையாது. கோழி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, ரபியிடமும் போக முடியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். ரொட்டி அடுப்பங்கரையிலிருந்து கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கினாள், அழுகிப்போன மாதுளம்பழத்தைப் பிழிந்து சிவப்பு எடுத்தாள், சர்க்கரை கட்டிவந்த காகிதத்தைப் பிரித்து அதில் கோழியை வரைந்தாள். கீறிய வயிறு, நீலம் பூத்த இரைப்பை, உள்ளே ஆணி. வால் பக்கம் வந்தபோது ரபி வீட்டுக் கதவைச் சாத்தப்போகிற சத்தம் கேட்டது. கோடு இரண்டை இழுத்துவிட்டு ஓடினாள்.

ரபி எல்யாக்கிம் அந்த வளவின் எல்லாச் சந்தேகங்களையும் ஒரு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டியிருப்பார். கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் கிடையாது. பார்வை போதாது என்று சிலரும், போதுமானதற்கு மேலேயே இருக்கிறது என்று சிலரும் சொல்வார்கள். குண்டானிலிருந்த காகிதத்தை எடுத்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், எந்தக் கோழியையும் முகர்வது போல முகர்ந்தார்.

“ஆணி வெளியில எட்டிப் பாக்குதா, கண்ணு?”

“இல்ல ரபி.”

“உள்ளயே நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு ரபி.”

“ஆகும். அம்மாவை நல்லா உப்புப் போடச் சொல்லு.” குண்டானைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு தடவை பார்த்தார். “வால் பக்கம் கொஞ்சம் அவசரம் தெரியுது.”

பெய்லா குண்டானுக்குள் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி குண்டானுக்குள் பார்த்தாள். “ஏண்டி, கோழி எங்க?” என்றாள். “ரபி ஆகும்னுட்டாரும்மா” என்றாள் ஹென்யா. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் பெய்லாவின் வாயை அடைக்க அந்த வளவில் அதைவிடப் பெரிய பதிலும் இல்லை. ரபி ஆகும் என்று சொன்னதை ஆகாது என்று சொல்ல அவள் யார்? மெத்தை தைப்பவள். காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்தாள், உப்புப் புரட்டிச் சாய்வான பலகையில் ரத்தம் வடியவைத்தாள், முறைப்படி அலசினாள், சட்டியில் போட்டு, ஒரு வெங்காயத்தையும் ஒரு கேரட்டையும் கூடப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். சாறு வந்தது. மேலே பொன் காசு போலக் கொழுப்பு மிதந்தது. கொஞ்சம் கரி வாசம் அடித்தது, அவ்வளவுதான். கல்மன் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, அந்த வார ஓய்வுநாளில் எழுந்து உட்கார்ந்து, கோழிக்கால் யாருக்கு என்று சண்டை பிடித்தான். வளவில் விஷயம் பரவியதும் பெரிய வாக்குவாதம் நடந்தது. காகிதம் எப்படிச் சாறாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காகிதக் கோழிக்கு உப்புக் கட்டாயமா, இல்லை அலசினால் போதுமா என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு வாலும் தும்பும் முளைக்கும். ஹென்யா வரைந்த கோழி கோழிதான் என்றால், ஹென்யா வரைந்த பால்சொம்பு பால்தான். கறியும் பாலும் சேரக்கூடாதென்று பெய்லா ஒரே சுவரில் இரண்டையும் மாட்டவிடவில்லை, கறிப்படம் அடுப்புப் பக்கம், பால்படம் ஜன்னல் பக்கம். ஹென்யா வரைந்த மனிதன் மனிதன்தான் என்றால் அவனுக்கும் ஓய்வுநாள் உண்டு. இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே தெரிந்துகொண்டான். பதினாறு வயதில் அவள் ஒரு ரொட்டிக்கடையை வரைந்தாள். தட்டு நிறைய ரொட்டி, வாசல்வரை மணம். புளித்த மாவு வீட்டில் துளிகூட இருக்கக்கூடாத பஸ்கா பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் பெய்லா மெழுகுவர்த்தியும் இறகுமாக வீட்டில் புளித்த மாவின் துணுக்கு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தவள், அந்தப் படத்தின் முன்னால் நின்று, “அடிப் பாவி, முழுக் கடையையே வீட்டுக்குள்ள வச்சிருக்கியே!” என்று அலறினாள். எரித்துவிடலாம் என்றார்கள் சிலர். ரபி எரிக்கவேண்டாம் என்றார். வளவில் எல்லாருடைய புளித்த சாமானும் பண்டிகை முடிகிறவரை வெளி மதத்துக்காரர் யாருக்கு விற்கப்படுகிறதோ, இதுவும் அவருக்கே போகட்டும் என்றார்.

அந்த ஆள் ஹகோப் என்ற ஆர்மீனியர், போட்டோ பிடிப்பவர். வருஷா வருஷம் ஸஸ்மான் வளவின் மாவு மூட்டைகளுக்கும் தானியச் சாராயத்துக்கும் எட்டு நாள் சொந்தக்காரராக இருந்து, பண்டிகை முடிந்ததும் திருப்பி விற்றுவிடுவார். அதற்குள் ஒரு சொட்டுச் சாராயத்தைத் தொட்டதில்லை. ஆனால் மாவு மூட்டையைப் பற்றி யாரும் அவரிடம் வந்து விலை கேட்டதில்லை, படத்தைப் பற்றிக் கேட்டார்கள். பெர்லினிலிருந்து வந்து தெல் அவிவில் ஓவியக்கூடம் வைத்திருந்த டாக்டர் லிண்டாவ், பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர், ரொட்டி வாசத்தைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுவரை போய்விட்டார். ஹகோப் நியாயஸ்தர். தனக்குச் சொந்தமான பொருளைத்தானே விற்கிறோம் என்று விற்றுவிட்டார். பண்டிகை முடிந்து ஹென்யா படத்தைக் கேட்கப் போனபோது, “என்னம்மா செய்யறது? உங்க சட்டப்படி அது என் ரொட்டி” என்று காசையும் லிண்டாவின் விலாசத்தையும் கொடுத்தார். உலகத்தில் எத்தனையோ ஓவியர்கள் எப்படியெப்படியோ முன்னுக்கு வந்திருக்கிறார்கள். பஸ்காவுக்கு வீட்டைச் சுத்தம் செய்ததில் முன்னுக்கு வந்தவள் தான் ஒருத்திதான் என்று ஹென்யா பிற்பாடு சொல்லிக்கொள்வாள்.

அவள் தெல் அவிவுக்குப் போய் ஓவியப் பள்ளியில் சேரப்போகிறாள் என்றதும் பெய்லா அழுதுகொண்டே ரபியிடம் ஓடினாள். நிர்வாணமாக நிற்கிற ஆட்களைப் பார்த்து வரையச் சொல்வார்களாம், பெண்கள் தலையைத் திறந்துபோட்டுக்கொண்டு திரிவார்களாம், அங்கே உப்பே கிடையாதாம். ரபி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “அவ வரைஞ்சதை நான் பாத்திருக்கேன், பெய்லா” என்றார். “வால் பக்கம் நிதானம் வேணும். அதை மட்டும் சொல்லி அனுப்புங்க.” பெய்லா சொல்லித்தான் அனுப்பினாள். அந்த ஒரு வாக்கியம் ஹென்யாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பள்ளியில் ஆசிரியர்கள் அவளுடைய ஒளியைப் புகழ்ந்தார்கள், நிழலைப் புகழ்ந்தார்கள். அவளோ எந்தப் படத்தை முடித்தாலும் ஓரத்துக்குப் போய், இங்கே அவசரம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்வாணப் படங்களும் வரைந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்கள் படத்திலிருந்த திரைச்சீலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு மற்றவர்களோடு கிளம்பிப்போனார்கள்.

டாக்டர் லிண்டாவ் அவளுடைய படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்த நாள் குறித்தார். நாளென்றால் சனிக்கிழமை. தெல் அவிவில் மனிதர்களுக்கு ஓய்வு கிடைப்பதே அன்றைக்குத்தான், கடற்கரைக்குப் போகிற கூட்டம் வழியில் உள்ளே நுழையும். ஹென்யா படங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். துறைமுகத்தில் பெட்டி சுமப்பவர்கள், கொத்தனார்கள், ஆரஞ்சுக்குக் காகிதம் சுற்றுகிற பெண்கள் என்று படமெல்லாம் உழைப்பு. திறப்பு விழாவன்று படத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரே ஒரு படமாவது ரபியின் தீர்ப்புக்கு ஆடுகிற படமாக இல்லாமல் தன் படமாக இருக்கவேண்டும். தெல் அவிவில் ஒரு ரபியைப் பார்த்து, அந்தப் பழைய தீர்ப்பை ரத்து செய்யமுடியுமா என்று கேட்டாள். தீர்ப்புச் சொன்னவரைவிட அறிவில் பெரியவர்தான் அதை மாற்றலாம் என்றார் அவர். நீங்கள் பெரியவர்தானே என்றாள். “ஐயையோ, நான் எங்கே, அவர் எங்கே! நான்தான் பெரியவன்னு ஒருத்தர் சொல்லிட்டுத் திரியிறார், விலாசம் வேணா தரேன். ஆனா அவர் சொல்றதை உங்க படத்துல இருக்கிற கழுதைகூட மதிக்காது” என்றார்.

ஆகவே எருசலேமுக்கே பஸ் ஏறினாள். ரபி எல்யாக்கிமுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. மேசை அதேதான், நூல் மட்டும் புதிது. ஹென்யா உட்காராமலே கொட்டிவிட்டாள். அன்றைக்குக் குண்டானில் கோழியே இல்லை, பூனை தின்றுவிட்டது, நீங்கள் பார்த்தது சர்க்கரைக் காகிதம், தெரியாமல் சொன்ன தீர்ப்பு செல்லாது, தப்பாகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

“ஓஹோ” என்றார் ரபி. “சாறு வந்துதா?”

“வந்துது.”

“கல்மன் குடிச்சானா?”

“குடிச்சான்.”

“எழுந்தானா?”

“எழுந்து எனக்கு வச்சிருந்த கோழிக்காலையும் தின்னான்.”

“சரி. இப்ப நான் தப்புன்னு சொல்றேன்னு வச்சுக்க. அப்ப உங்கம்மா வேகவச்சது காகிதம். காகிதத்தைக் குடிச்சு எந்தப் பையனாவது எழுந்து உக்காந்திருக்கானா? அவன் இப்ப எங்க இருக்கான்?”

“பஸ்ல கண்டக்டரா இருக்கான். நான் வந்த பஸ்ஸே அவன் பஸ்தான்.”

“பாத்தியா. அப்புறம் நீ எந்த பஸ்ல திரும்பிப் போவ?” என்றார் ரபி. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார். “நான் சொல்லணும்னா சொல்றேன், ஹென்யா. நீ யோசிச்சுச் சொல்லு. எனக்கென்ன, நான் தப்புப் பண்ணாதவனா?”

வெளியே கல்மன் பஸ்ஸில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்காக வண்டியையே நிறுத்தி வைத்திருக்கிறான் என்று பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் திட்டுவது ஜன்னல்வழியே கேட்டது. ஹென்யா ஜன்னல்வழியே தம்பியை எட்டிப் பார்த்தாள், “வேணாம் ரபி, இருக்கட்டும்” என்றாள். திரும்பும் வழியில் தம்பி டிக்கெட் கேட்டபோது, “உனக்காக நான் என் பேரையே விட்டுக்கொடுத்துட்டேன், டிக்கெட் வேற கேக்கறியா?” என்று எரிந்து விழுந்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

கண்காட்சி சனிக்கிழமையே திறந்தது. சுவரெல்லாம் யாருமில்லாத துறைமுகம், பாதியில் நின்ற சுவர், மூடிய ரொட்டிக்கடை, ஆரஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் வெறும் முக்காலிகள், நடுநடுவே ஒரு கழுதை. ஹென்யா கழிவறையில் போய் ஒளிந்துகொண்டாள். டாக்டர் லிண்டாவ் கதவைத் தட்டி வெளியே இழுத்துவந்தபோது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. இந்தக் காலத்து மனிதனின் தனிமையை இப்படி யாரும் சொன்னதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. கழுதையைப் பற்றி மட்டும் ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள், சத்தமும் வேர்வையுமாக வேலை நடப்பதைப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று காசைத் திருப்பிக் கேட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ‘மௌனத்தின் ஓவியர்’ என்று பெயர். “என் மௌனமாவது! எல்லாரும் ஜெபக்கூடத்துக்குப் போயிருந்தாங்க” என்று அவள் சொன்னதை நகைச்சுவை என்று நினைத்து அதையும் அச்சடித்தார்கள்.

ரபி எல்யாக்கிம் இறந்த அன்று செய்தி எருசலேமிலிருந்து வருவதற்கு முன்னாலேயே ஹென்யாவுக்குத் தெரிந்துவிட்டது. படங்களில் இருந்த ஆண் பெண் எல்லாருடைய சட்டைக் கழுத்தும், பெற்றவரைப் பறிகொடுத்தவர்கள் கிழித்துக்கொள்வது போல, ஒரு சாண் கிழிந்திருந்தது. மேலே வண்ணம் பூசி மூடப் பார்த்தாள், ஒட்டவில்லை. உழைப்பாளியின் வறுமையை ஹென்யா துணிச்சலோடு காட்டத் தொடங்கிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அவளும் ஒரு ரவிக்கையைக் கிழித்துக்கொண்டாள். ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். ரபியை மட்டும் அவள் வரையவே இல்லை. எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். வரைந்தால் அவர் வந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் ஓய்வுநாளில் அவர் கண்ணெதிரில் எப்படித் தீக்குச்சி கிழிப்பது என்பதுதான் காரணம். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, ரபிமார்களை வரைவது பழைய பாணி என்று சொல்லிவைத்தாள்.

பிறகு சண்டை வந்தது, எருசலேமின் நடுவே முள்கம்பி வந்தது. ஹகோப் கம்பிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், பஸ்காவுக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியதாயிற்று. அதற்கும் பிறகு பங்கீட்டு வருஷங்கள் வந்தன. முட்டைக்குப் பதில் முட்டைப் பொடி, கறிக்குப் பதில் நார்வேயிலிருந்து கல்லாக உறைந்து வந்த மீன் துண்டு, ஈரலுக்குப் பதில் ஈரல் மாதிரி வதக்கிய கத்தரிக்காய். கோழி என்பது கைக்குழந்தைக்காரிகளின் கூப்பனில் எழுதியிருக்கிற ஒரு சொல். அந்தச் சமயம் பார்த்துக் கல்மன் நுரையீரலில் சளி கட்டிப் படுத்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், அக்கா வீட்டில்தான் இருந்தான். டாக்டர் வந்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், அவரும் முப்பது வருஷத்துக்கு முன்னால் எருசலேம் வைத்தியர் சொன்னதையே சொன்னார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்து, குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஹென்யா பெட்டியைத் திறந்து ஒரு நல்ல காகிதம் எடுத்தாள். கோழி வரைய இப்போது அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை. பாரிஸில் மூன்று பரிசு வாங்கிய கை அது. ஒரு சொறி, ஒரு கீறல், ஒரு கறை இல்லாத கோழி. வால் பக்கத்துக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது எடுத்துக்கொண்டாள். உப்புப் போட்டு ஊறவைத்து அலசிச் சட்டியில் போட்டாள். வெந்நீரும் நல்ல காகிதமும்தான் வந்தன. ஆகும் என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொரு கோழியை வரைந்து பக்கத்துத் தெரு ரபியிடம் கொண்டுபோனாள். சின்ன வயதுக்காரர், படித்தவர், கண் நல்ல கண். “அம்மா, இது காகிதம்” என்றார். சரியாகத்தான் சொன்னார். அவரால் ஒன்றும் ஆகாமல் போனதும் அதனால்தான்.

வியாழக்கிழமை கல்மனுக்கு மூச்சு இரைத்தது. ஹென்யா சாய்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டினாள். வரைய ஆரம்பித்த பிறகுதான் கை எவ்வளவு நாளாகக் காத்திருந்தது என்று தெரிந்தது. அவள் நினைப்பதற்கு முன்னால் அது போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோர மேசை, இல்லாத இரண்டாவது பொத்தான், கண்ணாடிக் காதில் சுற்றிய நூல். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ரபி எல்யாக்கிம் வந்து உட்கார்ந்துவிட்டார். ஹென்யா தலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த அழகான கோழியைக் குண்டானில் வைத்து அவர் முன்னால் பிடித்தாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. 

“பொழுது போனா எழுந்து போயிடுவார்டா. வாயைத் திறக்கமாட்டேங்கறாரே” என்றாள் தம்பியிடம்.

கல்மன் இருமலுக்கு நடுவில் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான். “கோழியைக் காட்டு. அடேயப்பா! இதுல என்ன சந்தேகம்னு அவர்கிட்ட கேட்ட?”

“சந்தேகமா? இதுல என்னடா சந்தேகம்? இப்படி ஒரு கோழி எவனாவது வரைஞ்சிருக்கானா?”

“அதான் கேக்கறேன். சந்தேகமே இல்லாத கோழியை ரபிகிட்ட எந்த முட்டாளாவது தூக்கிட்டுப் போவாளா? உனக்கு ஒழுங்கா வரையத் தெரியாம இருந்தப்ப எனக்கு வயிறு நெறைஞ்சுது, அக்கா.”

ஹென்யாவுக்கு வந்த கோபத்தில் பாதி அவன் மேல், பாதி பாரிஸ் மேல். குனிந்து அடுப்புக்கரித் துண்டை எடுத்தாள். அந்தக் கோழியின் வயிற்றைக் கீறி, இரைப்பையைத் திறந்து, உள்ளே ஒரு ஆணியை வைத்தாள். துருப்பிடித்த, கோணலான ஆணி. வரைந்து முடித்ததும் அவளுக்கே தெரியவில்லை, அது வெளியே வந்திருக்கிறதா இல்லையா என்று. பயந்துகொண்டே குண்டானை நீட்டினாள். எதிர்வீட்டு மாடியில் வெயில் கடைசி வரிசை ஓட்டைத் தொட்டிருந்தது.

ரபி கையை நீட்டிக் காகிதத்தை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முகர்ந்தார்.

“ஆணி வெளியில எட்டிப் பாக்குதா, கண்ணு?”

“தெரியல ரபி. எனக்குப் பயமா இருக்கு.”

விரல் நுனியால் இரைப்பையின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நேரமெடுத்துத் தடவினார். “வரல” என்றார். “ஆகும். நல்லா உப்புப் போடு.” திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு தடவை பார்த்தார். “வால் பக்கம் ரொம்ப யோசிச்சிருக்கு.”

நாற்பது தாண்டிய பெண், மூன்று பரிசு வாங்கியவள், நடுக்கூடத்தில் நின்று, “அப்ப என்னதான் பண்ணணுங்கறீங்க?” என்று கத்தினாள்.  ஓய்வுநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். சாறு அடுப்பில் கொதிக்கும்போது மேலே கொழுப்பு பொன் காசாக மிதந்தது. பங்கீட்டில் கொழுப்பே கிடைக்காத வருஷம் அது, பக்கத்து வீட்டுக்காரி வாசம் பிடித்து வந்து ஒரு கிண்ணம் வாங்கிப் போனாள், கொஞ்சம் கரி வாசம் என்றாள், கிண்ணத்தைக் கழுவாமலே திருப்பிக் கொடுத்தாள். கல்மன் மூன்று கிண்ணம் குடித்தான். அடுத்த வாரம் எழுந்து, கோழிக்கால் எங்கே என்று கேட்டான்.

அந்தப் படத்தை அவள் விற்கவில்லை. கேட்டவர்களிடம், அது முடியவில்லை, ஒரு பொத்தான் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ரபி வாரம் முழுக்கக் கூடத்துச் சுவரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தெருவில் இருக்கிற பெண்கள் சிலர், மீன் வாங்கிவரும் வழியில் ஏதாவது சந்தேகம் இருந்தால் மாடியேறி வந்து அவரிடம் காட்டிவிட்டுப் போவார்கள். ஹென்யா வாசலைத் திறந்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வரைவாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, மூட்டை சுமப்பவர்களும் கொத்தனார்களும் பின்னால் வர, கிளம்பிப் போய்விடுவார். மறுநாள் முழுக்க மேசையும் நாற்காலியும் மட்டும்தான் சுவரில் இருக்கும். அவர் அங்கே இல்லை என்று ஹென்யாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சனிக்கிழமை காலையில் காப்பி குடித்தபின், சிகரெட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் பற்றவைப்பாள். மழை பெய்தால் டாக்டர் விட்டுப்போன குடையைப் பிடித்துக்கொள்வாள்.